ஏழடி அறையும் இலுப்பூர்ச் சீரும்

மாமனார் அறையைப் பார்க்க வரப்போகிறார் என்று காகிதம் வந்த நாளிலிருந்து பதினேழு நாள் நான் உழைத்த உழைப்பைப் பள்ளிக்கூடத்தில் உழைத்திருந்தால் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகியிருப்பேன். பாஸாகியிருந்தால் தாலுகா ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும், நாற்காலிக்குத் தகுந்த வீடும் கிடைத்திருக்கும். கணக்கில் இருபத்தொன்பது மார்க் வாங்கியவனுக்கு அந்தப் பேச்செல்லாம் எதற்கு?

என் பெயர் ஆத்மநாதன். ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒரு ஆத்மநாதன் உண்டு, கோவில் சாமியின் பெயர் அது. அந்தச் சாமிக்கு உருவம் கிடையாது. ஆவுடை மட்டும் இருக்கும், அதன் மேல் லிங்கம் இருக்காது. என் அப்பா பெயரை மட்டும் வாங்கி வைக்காமல் சாமியின் அந்தக் குணத்தையும் சேர்த்து வாங்கி வைத்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஐந்தடி ஓர் அங்குலம். சந்தையில் நின்றால் எனக்குப் பின்னால் நிற்கிறவர் எனக்கு முன்னால் நிற்கிறவரோடு தடையில்லாமல் பேசிக்கொள்வார். நான் நடுவில் நிற்பது இருவருக்கும் தெரியாது.

இது ஐம்பத்தேழாம் வருஷத்துச் சங்கதி. அப்போது எனக்குத் திருமயத்தில் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க் வேலை. தகரக் கொட்டகையில், கம்பி வைத்த ஓட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, புதுக்கோட்டைக்கும் காரைக்குடிக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். படுக்கை, பஸ் ஷெட்டின் பரணில். கூட இரண்டு கண்டக்டர்கள். ஒருவர் தூக்கத்திலும் "ரைட், போலாம்" என்பார். ஊரில் எங்கள் வீடு இருந்தது. அதில் என் அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் ஐந்து பேர், ஒரு ஜோடி உழவு மாடு. மாடுகளில் ஒன்றை விற்றால் எனக்கு இடம் கிடைக்கும் என்று அண்ணன் ஒரு தடவை சொன்னான். மாடு தப்பித்தது.

அந்த வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் செங்கமலம். இலுப்பூரில் கடலை மண்டி வைத்திருந்த ரெங்கசாமியின் மூத்த மகள். அவருக்கு என்னை ஏன் பிடித்தது என்று இதுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். யோசித்துப் பார்த்து மனசை மாற்றிக்கொண்டால் என்ன செய்வது?

கல்யாணம் முடிந்து ஏழு நாள் இலுப்பூரில் இருந்தேன். மூன்றாம் நாள் மாமனார் என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய், சாக்குப் படுதாவை விலக்கிச் சீரைக் காட்டினார். தேக்குக் கட்டில். மரப் பெட்டகம். இரண்டு அண்டா, ஒரு தவலை, பதினோரு குடம். ஆளுயரக் குத்துவிளக்கு. ஆட்டுக்கல், அம்மி. எல்லாவற்றுக்கும் பின்னால், முழு நீளக் கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ. அதுவரை நான் என்னைத் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். சவரக் கண்ணாடியில் தாடை, குளத்தில் தலை, அவ்வளவுதான். தலையிலிருந்து கால்வரை ஒரே தடவையில் பார்த்தது அந்தப் பீரோவில்தான். பார்த்த மாத்திரத்தில் எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. மாமனார் பேசிக்கொண்டிருந்ததில் பாதி காதில் விழவில்லை.

விழுந்த மீதிப் பாதி இது.

"நீங்க ஒரு எடம் பிடிங்க மாப்பிள்ளை. நான் வந்து பாக்குறேன். தோதா இருந்தா சீரையும் ஏத்தி மகளையும் ஏத்தி அனுப்புறேன். சீரைப் பிரிச்சு அனுப்புற வழக்கம் நம்ம வீட்டுல இல்ல. பாதிய அனுப்புனா ரெங்கசாமி பாதிதான் செஞ்சான்னு ஊரு சொல்லும். எடம் தோதுப்படலையா, நம்ம மண்டி இருக்கு. இங்கிட்டே வந்துருங்க. எம்மகளும் கண்ணு முன்னாடி இருப்பா."

அதாவது வீட்டோடு மாப்பிள்ளை. எங்கள் ஊரில் அப்படிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, 'இன்னார் வீட்டு மாப்பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். எனக்கு உருவம்தான் இல்லை. பெயராவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

செங்கமலம் அந்த ஏழு நாளில் என்னோடு பேசியது கொஞ்சம்தான். நான் கிளம்பும்போது கதவோரம் நின்று, "சீக்கிரம் எடம் பாருங்க" என்றாள். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டினேன். டிக்கெட் கிழிக்கும்போதெல்லாம் மூன்று வார்த்தையும் வரிசையாக வரும். சில பேருக்கு மூன்று டிக்கெட் கிழித்துக் கொடுத்து ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

இடம் புரட்டாசியில் கிடைத்தது. பக்கத்துச் செட்டியூரிலிருந்து வந்து திருமயத்தில் குடியிருந்த முத்தாள் ஆச்சியின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. எட்டடி நீளம், ஏழடி அகலம். சன்னல் கிடையாது. கதவு உள்பக்கமாகத் திறக்கும். கதவு திறக்க மூன்றடி போனால் மீதியில் நான் குடியிருக்கலாம். சமைக்க, முற்றத்தின் மூலையில் ஒரு தகரத் தாழ்வாரம்.

"சன்னல் ஏன் ஆச்சி வைக்கல?" என்று கேட்டேன்.

"இது பாத்திரம் வைக்கிற அறை. பாத்திரத்துக்கு எதுக்கு சன்னலு? அதுக என்ன மூச்சா விடுதுக?" என்றார் ஆச்சி. பிறகு சுவரைத் தடவிக் காட்டி, "இது முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசின செவுரு. மொகம் பாக்கலாம். ஒரு ஆணி அடிச்சாலும் அன்னிக்கே சாவியக் குடுத்துடணும். பெயின்ட்டு கியின்ட்டு பூசுனீகன்னாலும் அதேதான்" என்றார்.

எலி வளையானாலும் தனி வளை என்று சந்தோஷப்பட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே மாமனாருக்கு எழுதிப் போட்டேன். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

பிறகுதான் அறையை மாமனாரின் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய், ஒரு கூஜா. ஒரு கைதிக்குக்கூட இதைவிடச் சர்க்கார் கொஞ்சம் தாராளமாகச் செய்யும் என்று தோன்றியது. பயம் பிடித்துக்கொண்டது. இந்த அறையைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினால் செங்கமலம் வரமாட்டாள், நான் இலுப்பூர் போய்க் கடலை அளக்க வேண்டியதுதான். அறையை அலங்கரித்தே தீருவது என்று முடிவு செய்தேன். கையில் காசு இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் ஒரு பஸ் ஷெட் இருந்தது.

ஷெட்டில் திருப்பதி என்று ஒருவர் இருந்தார். பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்து ஊர்ப் பெயர் எழுதுகிறவர். கலைஞர்களுக்கு உள்ள முன்கோபம் அவருக்கும் உண்டு. 'அறந்தாங்கி' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், அந்தப் பஸ்ஸில் ஊர் பாதியிலேயே நின்றுவிடும். அவரிடம் போய் என் நிலைமையைச் சொன்னேன்.

"ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ட் அடிக்கக்கூடாது, சன்னலும் இல்ல. அப்ப அது ரூமு இல்ல தம்பி, டப்பா" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "டப்பாவுக்கு நம்மள விட்டா வேற ஆளு யாரு இருக்கா? பஸ்ஸும் டப்பாதான். நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் ஓடியிருக்க வேண்டும். நன்றி சொன்னேன்.

முதலில் ஒரு சீட் வந்தது. பாடி மாற்றிய பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்டிருந்த இரண்டு பேர் சீட். ஸ்பிரிங் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மிக நன்றாகவும் இருந்தது. மறுபக்கம் உட்கார்ந்தால் ஓர் அரையடி மேலே போய்த்தான் திரும்பி வர வேண்டும். சாய்மானத்தின் உச்சியில் 'பெண்கள்' என்று எழுதியிருந்தது. அதை அழிக்கச் சொன்னேன். அது தான் எழுதியதிலேயே நன்றாக வந்த எழுத்து என்றும், அழிக்க முடியாது என்றும் திருப்பதி சொல்லிவிட்டார்.

அடுத்தது திரைச்சீலை. மழைக்குப் பஸ்ஸின் பக்கவாட்டில் தொங்கவிடும் படுதாவில் கிழியாத துண்டு ஒன்றைக் கதவுக்கு உள்ளே தொங்கவிட்டேன். அது அறைக்கு ஒரு கௌரவத்தையும் டீசல் வாடையையும் கொடுத்தது. முகம் பார்க்க டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. அதில் பார்த்தால் என் முகத்தைவிட எனக்குப் பின்னால் வருவதுதான் தெளிவாகத் தெரியும்.

சுவருக்கு என்ன செய்வது? அப்போதுதான் எனக்கே சொந்தமாக ஒரு யோசனை வந்தது. இந்தக் கதையில் மற்ற எல்லாக் குற்றத்திலும் திருப்பதிக்குப் பங்கு உண்டு, இது மட்டும் முழுக்க என்னுடையது. அந்தப் பங்குனியில்தான் நயா பைசா வந்திருந்தது. அணாக் கணக்கில் அச்சடித்த பழைய டிக்கெட் கட்டுகள் பயனில்லாமல் மூட்டையாகக் கிடந்தன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நிறம். ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா. ஆணிதானே கூடாது, பசை கூடும் அல்லவா? மைதா மாவைக் காய்ச்சி, பத்து நாள் சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து, எதிர்ச் சுவர் முழுவதும் டிக்கெட்டாக ஒட்டினேன். நடுவில் ரோஸில் ஒரு தாமரை. சுற்றிலும் பச்சையில் இலை. புதுக்கோட்டை டிக்கெட்டில் தாமரை, காரைக்குடி டிக்கெட்டில் இலை. ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னை மக்கு என்ற வாத்தியார் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வேளை, அவர் வரவில்லை.

கடைசியாகச் சன்னல். சுவரில் வரையக்கூடாது என்பதால், திருப்பதி பஸ்ஸின் பக்கத் தகரம் ஒன்றில் சன்னல் வரைந்து கொண்டுவந்து, ஒரு கள்ளிப் பெட்டியின் மேல் சுவரில் சாய்த்து வைத்தார். பாதி திறந்த கதவு, கம்பி, கொக்கி எல்லாம் இருந்தது. சன்னலுக்கு வெளியே திருமயம் கோட்டை. ஷெட்டில் இருந்தது பஸ் பெயின்ட் மட்டும்தான், ஆகவே கோட்டை பச்சையாகவும் வானம் மஞ்சளாகவும் இருந்தன. ஆனால் கொக்கி இருக்கிறதே, அது நிஜக் கொக்கி மாதிரி இருந்தது. நானே ஒரு தடவை கையை வைத்துப் பார்த்தேன்.

குடல் கூழுக்கு அழுகிறதாம், கொண்டை பூவுக்கு அழுகிறதாம் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பதினேழு நாளும் என் அடுப்பில் கஞ்சி, சுவரில் தாமரை.

ஐப்பசி முதல் ஞாயிறு வந்தது. முதல் நாளிலிருந்தே மழை பிடித்திருந்தது. மாமனார் காலைப் பஸ்ஸில், கையில் குடையும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக இறங்கினார். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டே வந்தார். அறைக்குள் நுழைந்து, படுதாவை விலக்கி, கதவு திறந்த இடம் போக மீதி இடத்தில் நின்றார்.

"உக்காருங்க மாமா."

அவர் சீட்டைப் பார்த்தார். "இது பொம்பளைங்க சீட்டுல்ல?"

"பரவால்ல மாமா, இங்க பொம்பளைங்க யாரு இருக்கா?"

"அதப் பேசத்தான வந்திருக்கேன்" என்றார். அதில் உட்காரவில்லை. என் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வாழைப்பழத்தை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தேன்.

"வேர்க்குது. அந்தச் சன்னல நல்லாத் தொறந்து விடுங்க மாப்பிள்ளை. மழைக் காத்து வரும்."

"அது சன்னல் இல்லை மாமா" என்று எந்த மாப்பிள்ளை எந்த மாமனாரிடம் சொல்வான்? நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, கொக்கி இறுகிப்போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரே எழுந்தார். குடையின் நுனியால் சன்னல் கதவை ஒரு தள்ளுத் தள்ளினார்.

கோட்டை விழுந்தது. எட்டடி அறையில் ஒரு பஸ் தகரம் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை விழுந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். முன்கட்டிலிருந்து ஆச்சி, "என்ன அங்கிட்டு? ஆணியா அடிக்கிறீக?" என்று சத்தம் போட்டார். அந்த அதிர்ச்சியிலோ, இரண்டு நாள் மழை ஈரத்திலோ, வழுவழுப்பான சுவரில் பசை பிடிக்காததாலோ, தாமரையின் முதல் இதழ் கழன்று விழுந்தது. பிறகு இரண்டாவது. அப்புறம் நாலும் ஐந்துமாக. மாமனார் தலையிலும் தோளிலும் டிக்கெட் உதிர்ந்தது. கல்யாணத்தில்கூட அவருக்கு அவ்வளவு அட்சதை விழுந்திருக்காது.

அவர் தோளிலிருந்து ஒன்றை எடுத்து, எட்ட வைத்துப் படித்தார். "புதுக்கோட்டைக்கு. அணாக் கணக்கு. இப்ப செல்லாதே இது" என்றார். வியாபாரி.

சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. குடையை மடக்கித் தரையில் வைத்து அளக்க ஆரம்பித்தார். நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை. கதவைத் திறந்து, சாத்தி, திறந்த இடத்தை ஒரு தடவை. உதடு முணுமுணுத்தது. பீரோ, பெட்டகம், அண்டா என்று எனக்குக் கேட்டது. கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது என்பதும், ஆகவே கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பதும், அவர் குடையை நிமிர்த்தி வைத்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது. பதினேழு நாள் நான் இந்த அறையை நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். வரப்போகிற ஆளுக்கும் பொருளுக்கும் இடம் வேண்டும் என்பது என் புத்தியில் ஒரு தடவைகூட உறைக்கவில்லை.

அளந்து முடித்து நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க போட்டு வச்சிருக்கிற இதெல்லாம் எடுத்துட்டாலும் கணக்கு சரியா வரல. இந்த எடத்துல ஒண்ணு சீரு இருக்கும், இல்ல எம்மக இருப்பா. ரெண்டும் இருக்காது. பாதிச் சீரு நான் அனுப்ப மாட்டேன். எத அனுப்பட்டும், நீங்களே சொல்லுங்க."

இந்த இடத்தை நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இத்தனை நேரம் என்னைப் பற்றிக் கேலியாகச் சொல்லிக்கொண்டு வந்தது, இதைச் சொல்வதற்குத் தைரியம் வரட்டும் என்றுதான்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று மூச்சு நேரம் யோசித்தேன். முதல் மூச்சில் பீரோ வந்தது. அந்தக் கண்ணாடியில் நான் முழுசாகத் தெரிந்தேன். இரண்டாம் மூச்சில் அண்டாக்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன, பெட்டகம் வந்தது. மூன்றாம் மூச்சில், பரணில் படுத்திருக்கும் கண்டக்டர்கள் இரண்டு பேரையும் கூட்டிவந்து இதையெல்லாம் காட்டுகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த அறையில் எல்லாம் இருந்தது. செங்கமலம் இல்லை. அவள் இல்லை என்பதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

"உங்க மகள அனுப்புங்க மாமா" என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். முப்பது வருஷமாகக் கடலையைக் கையில் எடுத்தே உள்ளே பருப்பா சொத்தையா என்று சொல்கிறவர்.

"யோசிச்சீங்கள்ல?" என்றார். கோபமில்லை. "இன்னமும் யோசிங்க. யோசிச்சுக் காகிதம் போடுங்க. அவசரமில்ல."

பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நானே டிக்கெட் கிழித்தேன். அவர் காசைக் கம்பிக்கு உள்ளே வைத்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொன்னதைக் கேட்காமலே போய் ஏறினார்.

அன்றைக்கே காகிதம் போட்டிருக்கலாம். நல்லவனாக இருந்தால் போட்டிருப்பேன். எனக்கு ஒரு கெட்ட புத்தி. கணக்கில் தோற்றவனுக்கு, மற்றவர் போட்ட கணக்கு தப்பாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்துகொண்டே இருக்கும். சீரும் இருக்கும், செங்கமலமும் இருப்பாள், மாமனார்தான் அளக்கத் தெரியாமல் அளந்துவிட்டார் என்று தோன்றியது. சீட்டைத் திருப்பதியிடம் திருப்பிக் கொடுத்தேன். விழாமல் மிஞ்சிய டிக்கெட்டுகளைச் சுரண்டி எடுத்தேன். அறை வெறுமையானதும், ஷெட்டில் டைம் போர்டில் எழுதுகிற சாக்பீஸ் ஒன்றைக் கொண்டுவந்து, தரையில் கோடு போட ஆரம்பித்தேன்.

இது பீரோ. இது பெட்டகம். வட்டமாக இரண்டு அண்டா, ஒரு தவலை. சின்ன வட்டமாகப் பதினோரு குடம். குடத்தை அண்டாவுக்குள் வைத்தேன். ஆட்டுக்கல்லைப் பீரோவுக்கு அடியில் தள்ளப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானமெல்லாம் இதே வேலை. ஒரு கோட்டை அழிப்பேன், ஓர் அங்குலம் தள்ளிப் போடுவேன். எல்லாம் போட்டு முடித்த ஒரு மத்தியானம், மிச்சமிருந்த இடத்தில் படுத்துப் பார்த்தேன். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, தலையை அம்மிக்கும் தவலைக்கும் நடுவில் கொடுத்துப் படுத்தால் எனக்கு இடம் இருந்தது. ஐந்தடி ஓர் அங்குலத்துக்கு அன்றைக்குத்தான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு, செங்கமலம் எங்கே படுப்பாள் என்று பார்த்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு முறத்தின் அகலம் இருந்தது. அங்கே அவளைப் படுக்கவைத்துப் பார்த்தேன். அவள் எழுந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். நிற்க இடமில்லை. "சீக்கிரம் எடம் பாருங்க" என்று என்னிடம் சொன்னவளுக்கு நான் பார்த்து வைத்த இடம் இவ்வளவுதான். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்து அழிக்க ஆரம்பித்தேன். குடங்கள் முதலில் போயின. ஆட்டுக்கல், அம்மி, அண்டா, பெட்டகம் எல்லாம் ஒரே ஈரத்துணியில் போய்விட்டன. பீரோவை மட்டும் அழிக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கென்ன, பீரோவுக்கு மேலும் இரண்டு நாள் ஆனது. அதையும் அழித்துவிட்டு நிமிர்ந்தால் அறை விஸ்தாரமாக இருந்தது. அதே எட்டடிதான். அன்றைக்கே கார்டு வாங்கி, "சீர் வேண்டாம். செங்கமலத்தை மட்டும் அனுப்பி வைக்கவும்" என்று எழுதிப் போட்டேன். மாமனார் வந்து போய் அப்போது இருபது நாள் ஆகியிருந்தது.

நாலாம் நாள், புதுக்கோட்டைப் பஸ் வந்து நின்றதும் கம்பிக்கு வெளியே மாமனாரின் குடை தெரிந்தது. பக்கத்தில் செங்கமலம், கையில் ஒரு தகரப் பெட்டி.

"இந்தாங்க மாப்பிள்ளை" என்றார். டிக்கெட் கேட்கிற மாதிரியே இருந்தது. "சீரு எங்க வீட்டுலயே கெடக்கட்டும். நீங்க வீடு கட்டுறப்ப பாத்துக்குவோம்." அதே பஸ் காரைக்குடி போய்த் திரும்பி வரும் வரைக்கும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்து, அதிலேயே ஏறிப் போய்விட்டார். அறைக்கு வரவில்லை. மகள் ஏறிட்டுப் பார்த்தபோது மட்டும் குடையை விரித்துக்கொண்டார். மழை இல்லை.

செங்கமலம் அறைக்குள் வந்து நின்றாள். பாய், டிரங்குப் பெட்டி, கூஜா. சுவரில் பசை காய்ந்த திட்டு அங்கங்கே இருந்தது. ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். தகரப் பெட்டியை என் டிரங்குப் பெட்டியின் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே உயரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எம்புட்டு நேரம் யோசிச்சீங்க?"

"எதுக்கு?" என்றேன், தெரியாதவன் மாதிரி.

"அப்பா கேட்டப்ப."

பொய் சொல்ல நினைத்தேன். வரவில்லை. "மூணு மூச்சு."

"அப்பா அஞ்சாறு மூச்சுன்னாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"அன்னிக்கி சாயந்தரம் வந்து எங்கிட்டயும் அதேதான் கேட்டாரு. ஒனக்குச் சீரு வேணுமா, அவரு வேணுமான்னு."

"நீ எம்புட்டு நேரம் யோசிச்ச?"

"நான் எங்க யோசிச்சேன்? அப்பாவக் கேட்டு முடிக்கவே விடல. அப்பயே பொட்டியக் கட்டிட்டேன். ஒங்க காகிதம் வந்தாத்தான் அனுப்புவேன்னு அப்பா ஒரே நிலையா நின்னுட்டாரு. இருபது நாளுக்கு மேல கட்டுன பொட்டியோடதான் ஒக்காந்திருந்தேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில் எல்லாம் நான் இங்கே தரையில் குடம் வரைந்துகொண்டிருந்தேன். அதில் கடைசி இரண்டு நாள் பீரோவுக்காக. எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பி நின்று அழ அறையில் இடமில்லை, அவள் முன்னாலேயே அழுதேன்.

இப்போது பத்து வருஷம் ஆகிறது. பீரோ, செங்கமலத்தின் தங்கை கல்யாணத்தில் தங்கையோடு போய்விட்டது. நாங்கள் இன்னும் வீடு கட்டவில்லை. அவள் என்னிடம் எதைக் கேட்க வாயெடுத்தாலும், முடிப்பதற்குள் "சரி" என்று சொல்லிவிடுகிறேன். "என்னன்னு கேட்டு முடிக்கவாச்சும் விடுங்களேன்" என்று திட்டுகிறாள். நான் விடுவதில்லை.